இரண்டு பெரிய நகரங்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாற்றம், மேற்படிப்பு, திருமணம் என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒரு பெரிய நகரத்தை விட்டு இன்னொரு பெரிய நகரத்துக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் வரும் எண்கள் எந்த நாட்டுப் பணமும் அல்ல. இப்போது கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குகள். உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊர் மலிவு என்று ஒரே வரியில் சொல்ல முடியாதா?

முடியாது. விலை ஊருக்கு ஊர் மாறுகிறது, செலவோ வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஒரே சம்பள உயர்வோடு ஒரே ஊருக்குப் போகும் இரண்டு பேரில் ஒருவருக்கு லாபமும் மற்றவருக்கு நஷ்டமும் வரலாம். கணக்காகவே பார்ப்போம்.

புது ஊரில் வாடகை 1.6 மடங்கு, சாப்பாட்டுச் செலவு 1.1 மடங்கு, போக்குவரத்து 1.5 மடங்கு, பள்ளிக் கட்டணம் 1.2 மடங்கு, மின்சாரமும் தண்ணீரும் அதே அளவு, மற்றவை 1.1 மடங்கு என்று வையுங்கள். இந்த ஆறு மடங்குகளையும் கூட்டி ஆறால் வகுத்தால் 1.25 வருகிறது. "அந்த ஊர் 25 சதவீதம் கூடுதல்" என்று யாரும் சொல்லிவிடுவார்கள். கம்பெனியும் அதைக் கேட்டு, கைக்கு 125 வருகிற மாதிரி சம்பளம் தருகிறது. நியாயமாகத்தான் தெரிகிறது.

இப்போது ஒரு குடும்பம். வாடகை 30, சாப்பாடு 25, போக்குவரத்து 8, பள்ளி 10, மின்சாரம் தண்ணீர் 5, மற்றவை 10. மொத்தம் 88, மிச்சம் 12. புது ஊரில் இதே வாழ்க்கைக்கு 48, 27.5, 12, 12, 5, 11 ஆகிறது. கூட்டினால் 115.5. கைக்கு வருவது 125 என்றால் மிச்சம் 9.5. சம்பளம் ஏறியும் மிச்சம் குறைந்துவிட்டது.

அடுத்து, அறையைப் பகிர்ந்துகொண்டு தனியாக இருக்கும் ஒருவர். வாடகைப் பங்கு 15, சாப்பாடு 20, போக்குவரத்து 5, மற்றவை 15. மொத்தம் 55, மிச்சம் 45. அதே மடங்குகளைப் போட்டால் புது ஊரில் 70 ஆகிறது. 125-இல் 70 போக மிச்சம் 55. இவருக்கு மாதம் 10 லாபம்.

ஒரே ஊர், ஒரே விலை, ஒரே சம்பளம். ஆகவே "எந்த ஊர் மலிவு" என்று கேட்பதற்கு முன் யாருக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தின் கணக்கில் 25 சதவீதம் எங்கே தப்பானது?

எல்லா மடங்குகளுக்கும் ஒரே எடை கொடுத்ததில். வாடகை அந்தக் குடும்பத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மின்சாரம் வெறும் 5. இரண்டையும் சமமாகப் பாவித்து சராசரி எடுத்தால், விலை ஏறாத மின்சாரம் சராசரியைக் கீழே இழுத்துவிடுகிறது. அந்தக் குடும்பத்தின் உண்மையான ஏற்றம் 88-இலிருந்து 115.5, அதாவது 31 சதவீதத்துக்குச் சற்று மேல்.

எடை என்ற இந்த விஷயம் புதிதல்ல. ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளைப் பார்த்துவிட்டு ஒன்றைக் கண்டார்: வருமானம் கூடக்கூட, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறைகிறது. இன்றும் பொருளாதாரத்தில் ஆட்டம் காணாமல் நிற்கும் விதிகளில் அது ஒன்று. நமக்கு அதன் பொருள் இதுதான்: குறைந்த சம்பளக்காரருக்கு மளிகை விலை ஏறினால் கையைக் கடிக்கும், அதிகச் சம்பளக்காரருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அவர் சொல்லும் "அங்கே ஒன்றும் பெரிதாகச் செலவாகாது" என்ற வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டு வண்டியேறிவிடக் கூடாது.

இணையதளங்களில் நகரத்துக்கு நகரம் எண் போட்டிருக்கிறார்களே, அதை நம்பலாமா?

தொடக்கத்துக்கு உதவும். ஆனால் அந்த எண் எதைக் கூட்டி எதைக் கூட்டாமல் வந்தது என்று பார்க்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பலரும் முதலில் திறப்பது நம்பியோ (Numbeo) என்ற தளத்தை. 2009-இல் தொடங்கியது. விலைகளைப் பெரும்பாலும் பயன்படுத்துவோரே பதிவு செய்கிறார்கள், நியூயார்க் நகரம் 100 என்று வைத்து மற்ற நகரங்களை அளக்கிறார்கள். அதில் "வாழ்க்கைச் செலவுக் குறியீடு" என்று முதல் கட்டத்தில் வரும் எண்ணில் வாடகை சேராது. வாடகைக்குத் தனி எண், இரண்டையும் சேர்த்து இன்னொரு எண். தளத்தில் அதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை. குடும்பத்தின் மிகப் பெரிய செலவையே விட்டுவிட்ட எண்ணை வைத்துச் சம்பளம் பேசப் போய்விடுகிறோம்.

இன்னொன்று, பயனர்கள் தரும் விலைகளில் யார் தருகிறார்கள் என்பது முக்கியம். இணையத்தில் உட்கார்ந்து விலை பதிகிறவர் நடுத்தரத்துக்கு மேலான பகுதியில் வசிப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் போகும் கடையும் நீங்கள் போகப்போகும் கடையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

நான் செய்வது இதுதான். தளத்தின் மொத்த எண்ணைக் கண்டுகொள்ளாமல், பொருள்வாரியாக இரண்டு ஊருக்கும் உள்ள மடங்கை மட்டும் எடுத்து என் செலவுகளின் மேல் போட்டுப் பார்ப்பேன். விலைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி ஆட்கள்தான் பதிந்திருப்பார்கள் என்பதால் மடங்கு ஓரளவு தேறும்.

"உலகிலேயே செலவு மிகுந்த நகரம்" என்று செய்தியில் வருகிறதே, அது எந்தக் கணக்கு?

அது பெரும்பாலும் உங்களுக்கான கணக்கே அல்ல. மெர்சர் நிறுவனத்தின் ஆய்வு புகழ்பெற்றது. 200-க்கும் மேற்பட்ட பொருள்கள், சேவைகளின் விலையை நியூயார்க்கோடு ஒப்பிடுகிறது. ஆனால் அதைத் தயாரிப்பதன் நோக்கம், பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியருக்கு எவ்வளவு படி தர வேண்டும் என்று சொல்வது. அதனால்தான் அங்கோலாவின் தலைநகர் லுவாண்டா 2013 முதல் 2015 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது, 2017-இல் மறுபடியும் வந்தது. அந்த ஊர் மக்களில் பெரும்பாலோர் வசதி குறைந்தவர்கள். ஆனால் வெளிநாட்டு அதிகாரி கேட்கும் பாதுகாப்பான வீடும், அவர் வாங்கும் இறக்குமதிப் பொருள்களும் அங்கே யானை விலை, குதிரை விலை.

எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் வெளியிடும் பட்டியலில் 2021-இல் டெல் அவிவ் முதலிடம் பிடித்தது. மளிகையும் போக்குவரத்தும் விலை ஏறியது ஒரு காரணம் என்றாலும், இஸ்ரேலியப் பணமான ஷெக்கல் டாலருக்கு எதிராக வலுத்தது பெரிய காரணம். அங்கேயே சம்பாதித்து அங்கேயே செலவு செய்பவருக்கு அந்த டாலர் மாற்றத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. டாலரில் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே வசிப்பவருக்குத்தான் அது சுடும். 2022-இல் அந்த இடத்துக்கு நியூயார்க்கும் சிங்கப்பூரும் சேர்ந்தே வந்துவிட்டன.

அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டை இரண்டு ஊருக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதாதா?

போதாது. அது ஒரே ஊரின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடுவது. அடிப்படை ஆண்டில் எல்லா ஊருக்கும் 100 என்றுதான் தொடங்குவார்கள். பத்து ஆண்டு கழித்து ஒரு ஊர் 180, இன்னொன்று 170 என்று நின்றால், முதல் ஊரில் விலை வேகமாக ஏறியிருக்கிறது என்றுதான் அர்த்தம். தொடக்கத்திலேயே இரண்டாவது ஊர் இரண்டு மடங்கு விலையில் இருந்திருந்தால் இன்றும் அதுதான் செலவு மிகுந்த ஊர்.

இடத்துக்கு இடம் ஒப்பிட வேறு வகைக் கணக்கு வேண்டும். அமெரிக்காவில் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறை வட்டார விலைச் சமன் எண்கள் என்று தனியாக வெளியிடுகிறது, நாட்டுச் சராசரி அங்கே 100. நீங்கள் போகும் நாட்டில் அந்த மாதிரி ஒன்று இருந்தால் அதைத் தேடுங்கள். விலைக் குறியீட்டுக்கும் ஒரு பயன் உண்டு: நீங்கள் திரட்டிய விலைகள் இரண்டு ஆண்டு பழையவை என்றால், அவற்றை இன்றைய விலைக்குக் கொண்டுவர அது உதவும்.

புது ஊர் 30 சதவீதம் கூடுதல் என்றால், அங்கிருந்து இங்கே வருகிறவருக்கு 30 சதவீதம் குறையுமா?

குறையாது. 130-இலிருந்து 100-க்கு இறங்குவது 23 சதவீதம்தான். இது வெறும் வகுத்தல் கணக்கு, ஆனாலும் சம்பளம் பேசுகிற இடத்தில் இதில் சறுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட நுணுக்கமான ஒரு காரணமும் இருக்கிறது. இங்கிருந்து போகிறவர் தன் பழைய வாழ்க்கையின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே விலை கேட்கிறார். அங்கிருந்து வருகிறவரின் பட்டியல் வேறு. அங்கே வாடகை அதிகம் என்பதால் அவர் சின்ன வீட்டில் இருந்து பழகியிருப்பார், பேருந்தோ ரயிலோ நன்றாக இருந்தால் வண்டியே வைத்திருக்க மாட்டார். எந்தப் பட்டியலை வைத்து அளக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். பழைய பட்டியலை வைத்து அளக்கும் முறையை எட்டியென் லாஸ்பேரஸ் 1871-இலும், புதுப் பட்டியலை வைத்து அளக்கும் முறையை ஹெர்மன் பாஷே 1874-இலும் முன்வைத்தார்கள். இருவருமே காலத்துக்குக் காலம் விலையை ஒப்பிடத்தான் அதைச் செய்தார்கள். ஊருக்கு ஊர் ஒப்பிடுவதிலும் அதே சிக்கல் அச்சு அசலாக வருகிறது. இரண்டு விடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் வழியை இர்விங் ஃபிஷர் ஆதரித்தார். வீட்டுக் கணக்குக்கு அவ்வளவு தேவையில்லை, இரண்டு விதமாகவும் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும். உண்மை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

போன பிறகு சிக்கனமாக இருந்துகொள்ளலாம் என்று நினைப்பது தப்பா?

தப்பில்லை, ஆனால் அதைக் கணக்கில் ஒளித்துவைக்காதீர்கள். மேலே சொன்ன குடும்பம் ஐந்தில் ஒரு பங்கு சின்னதான, அந்த அளவு வாடகையும் குறைவான வீட்டைப் பிடித்தால் 48-க்குப் பதில் 38.4 கொடுக்கும். மொத்தச் செலவு 105.9-க்கு இறங்கும், 125 சம்பளத்தில் மிச்சம் 19.1 ஆகும். லாபம் போலத் தெரிகிறது. ஆனால் ஒரு அறை போய்விட்டது. அந்த அறை உங்களுக்கு முக்கியமில்லை என்றால் அது உண்மையான லாபம். முக்கியம் என்றால், இடத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்கியிருக்கிறீர்கள். முதலில் அதே வாழ்க்கைக்கு ஒரு கணக்கு, அப்புறம் மாற்றிக்கொண்ட வாழ்க்கைக்கு இன்னொரு கணக்கு என்று இரண்டாகப் போடுங்கள்.

30 சதவீதம் சம்பள உயர்வு தருகிறார்கள். போதுமா?

எந்தச் சம்பளத்தில் 30 சதவீதம்? பிடித்தத்துக்கு முன்னா, பின்னா?

அந்தக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய மிச்சமான 12 குறையாமல் இருக்கக் கைக்கு 127.5 வர வேண்டும். அவர்களின் மொத்தச் சம்பளம் 125, வரி 25, கைக்கு 100 என்று வையுங்கள். 30 சதவீதம் ஏறினால் மொத்தம் 162.5. கூடுதலாக வரும் 37.5-க்கு வரிவிகிதம் 30 சதவீதம் என்றால் 11.25 வரியில் போய்விடும். கைக்கு வருவது 126.25. மொத்தச் சம்பளம் 30 சதவீதம் ஏறியது, கைக்கு வருவது 26 சதவீதச் சொச்சம்தான் ஏறியது, மாதம் 1.25 துண்டு விழுகிறது.

வருமானம் ஏறஏற வரிவிகிதமும் ஏறும் நாடுகளில் இது எப்போதும் நடக்கும். இரண்டு ஊரும் வெவ்வேறு வரி எல்லைகளில் இருந்தால் கணக்கு இன்னும் மாறும். ஆனால் வரியை வெறும் நஷ்டமாக எழுதிவிடுவதும் சரியில்லை. வரி அதிகமுள்ள சில இடங்களில் பள்ளியும் மருத்துவமும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். வரி குறைந்த இடத்தில் அதே இரண்டுக்கும் தனியாகக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் கட்ட வேண்டியிருக்கும். வரியையும் இந்த இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதி ஒப்பிடுவதுதான் நேர்மையான வழி.

வாடகையை எப்படி ஒப்பிடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மற்ற விலைகளில் பத்து சதவீதம் தவறினாலும் சமாளிக்கலாம், வாடகையில் தவறினால் மொத்தக் கணக்கும் படுத்துவிடும்.

முதல் தவறு, நகரச் சராசரி வாடகையைப் பார்ப்பது. பெரிய நகரத்தில் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் உள்ள வித்தியாசம், நகரத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். வேலை செய்யப்போகும் இடத்தை வரைபடத்தில் குறித்து, அதைச் சுற்றி நீங்கள் ஒப்புக்கொள்ளும் பயண நேரத்துக்குள் வரும் பகுதிகளை மட்டும் பாருங்கள்.

இரண்டாவது தவறு, ஏற்கெனவே குடியிருப்பவரிடம் வாடகை கேட்பது. ஐந்து ஆண்டாக அதே வீட்டில் இருப்பவர் கொடுப்பதும், இன்று புதிதாகப் போகிறவரிடம் கேட்பதும் ஒன்றல்ல. வாடகை வேகமாக ஏறிய ஊரில் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும். நீங்கள் கொடுக்கப்போவது இன்றைய விளம்பரத்தில் உள்ள வாடகையை. ஆனால் நீங்கள் இப்போது இருக்கும் வீட்டுக்குக் கொடுப்பது பழைய வாடகை. அதையும் இதையும் ஒப்பிடுவது ஊர்களை ஒப்பிடுவது ஆகாது, ஆனால் உங்கள் சட்டைப்பைக்கு நடக்கப்போவது அதுதான். ஆகவே முடிவெடுக்க அதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, விளம்பரத்தில் இல்லாத தொகைகள். நான் முதல் தடவை ஊர் மாறியபோது வாடகையைத் துல்லியமாக விசாரித்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தேன். பராமரிப்புக் கட்டணம் தனி, வண்டி நிறுத்தும் இடம் தனி, தண்ணீர் தனி என்று சாவி வாங்கும் நாளில்தான் தெரிந்தது. எல்லாம் சேர்ந்து வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு நான் வாடகை எவ்வளவு என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். "அந்த வீட்டில் இருப்பதற்காக மாதம் மொத்தம் எவ்வளவு வெளியே போகும்?" என்று கேட்கிறேன்.

குளிரும் வெயிலும் கூட வீட்டுச் செலவுதான். ஒரு ஊரில் ஆண்டில் பாதி நாள் குளிர்சாதனமோ வெப்பமூட்டியோ ஓடும் என்றால் அந்தக் கட்டணத்தை ஒரு மாதத்து ரசீதை வைத்துப் பார்க்காதீர்கள். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி வகுக்க வேண்டும்.

வாடகை சம்பளத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்களே?

அந்த எண்ணுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் அரசு வீடுகளில் குடியிருக்கும் வசதி குறைந்தவர்கள் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை கொடுக்கக் கூடாது என்று 1969-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். ஓர் அரசு உதவித் திட்டத்தின் வரம்பு அது. எல்லா ஊருக்கும் எல்லா வருமானத்துக்கும் பொருந்தும் அறிவியல் விதி அல்ல.

சம்பளம் அதிகமுள்ளவர் 45 சதவீதம் வாடகை கொடுத்தும் நிம்மதியாக இருக்கலாம். குறைந்த சம்பளக்காரருக்கு 30 சதவீதமே கழுத்தைப் பிடிக்கலாம். வாடகை போக மீதி எவ்வளவு, அதில் மற்ற எல்லாம் அடங்குமா என்று பார்ப்பதே உருப்படியான கேள்வி.

ஊருக்கு வெளியே மலிவாகத் தங்கிக்கொண்டு தினமும் போய்வரலாமா?

போய்வரலாம். நேரத்துக்கும் ஒரு விலை போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆபீசுக்குப் பக்கத்தில் உள்ள வீட்டுக்கு வாடகை 10 கூடுதல், ஆனால் போக்குவரத்தில் 5 மிச்சம் என்று வைப்போம். ஆகப் பக்கத்தில் இருக்க மாதம் 5 கூடுதல். தூரத்து வீட்டிலிருந்து ஒரு வழிக்கு 40 நிமிடம் அதிகம் ஆகிறது. ஒரு நாளைக்கு 80 நிமிடம், 22 வேலை நாளுக்கு 29 மணி நேரம். உங்கள் சம்பளம் 100, மாதம் 176 மணி நேரம் உழைக்கிறீர்கள் என்றால் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 0.57. 29 மணி நேரம் என்பது 16.5-க்கும் மேல். அதை 5 கொடுத்து வாங்குகிறீர்கள். இந்த மாதிரி பேரம் வேறெங்கும் கிடைக்காது.

ரயிலில் உட்கார இடம் கிடைத்து, அந்த நேரத்தில் படிக்கவோ தூங்கவோ முடிகிறவருக்கு இந்தக் கணக்கு இவ்வளவு கறாராக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டே போகிறவருக்கு இது இன்னும் மோசம்.

குடும்பம் பெரிதானால் செலவு அதே விகிதத்தில் ஏறுமா?

ஏறாது. ஒரு சமையலறையை நான்கு பேரும் பயன்படுத்தலாம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின், அதாவது ஓஇசிடியின், பெயரால் வழங்கும் ஓர் அளவுகோலில் முதல் பெரியவருக்கு 1, அடுத்த ஒவ்வொரு பெரியவருக்கும் 0.5, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 0.3 என்று வைக்கிறார்கள். கணவன், மனைவி, இரண்டு சிறுபிள்ளைகள் என்றால் 2.1. தனியாள் ஒருவர் சொன்ன செலவை இரண்டுக்குச் சற்று மேலான அந்த எண்ணால் பெருக்கிப் பார்த்தால் தோராயமாக ஓர் எண் வரும். குழந்தைக் காப்பகமும் பள்ளிக் கட்டணமும் விலை அதிகமான ஊரில் இந்த அளவுகோல் ஏமாற்றிவிடும். அவற்றைத் தனியாகவே எழுதுங்கள்.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். ஒருவருக்குத்தான் மாற்றம் வந்திருக்கிறது.

அப்படியானால் வாடகையைவிடப் பெரிய ஒன்று உங்கள் கணக்கில் இருக்கிறது. இன்னொருவருக்குப் புது ஊரில் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆகும், எந்தச் சம்பளத்தில்? ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் போனால் அவருடைய ஓர் ஆண்டு வருமானத்தில் பாதி போகிறது. மளிகை விலையை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும் இந்த ஓர் இழப்பை அது ஈடுகட்டாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள இங்கே உறவினர் இருந்து அங்கே யாரும் இல்லை என்றால், காப்பகக் கட்டணமும் இதோடு சேரும். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மற்றதைக் கூட்டிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

வேறு நாட்டு நகரம் என்றால் சம்பளத்தை நம் பணத்துக்கு மாற்றிப் பார்த்தால் போதுமா?

போதாது. அதில்தான் மயக்கமே. வங்கி தரும் மாற்று விகிதம் ஒன்று, அந்தப் பணத்தால் அங்கே என்ன வாங்க முடியும் என்பது வேறொன்று. இரண்டாவதை வாங்கும் சக்திச் சமநிலை என்பார்கள். சுவீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் குஸ்டாவ் காசல் முதல் உலகப் போர்க் காலத்தில் இதற்குப் பெயர் வைத்தார். தி எகனாமிஸ்ட் பத்திரிகை 1986-இல் பாதி விளையாட்டாகத் தொடங்கிய பிக் மேக் குறியீடு இதைத்தான் ஒரே ஒரு பர்கரின் விலையை வைத்துக் காட்டுகிறது.

எல்லாப் பொருளுக்கும் இந்த வித்தியாசம் ஒரே அளவில் இருக்காது. கப்பலில் ஏற்றி விற்க முடிகிற கைப்பேசியின் விலை உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான், வரி மட்டும் மாறும். முடிவெட்டுவதை ஏற்றுமதி செய்ய முடியாது. அதன் விலை அந்த ஊர்க் கூலியைப் பொறுத்தது. உற்பத்தித் திறன் உயர்ந்த நாடுகளில் கூலி எல்லாத் தொழிலிலும் உயர்கிறது, அதனால் சேவைகள் விலை ஏறிவிடுகின்றன என்பதை பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் 1964-இல் தனித்தனியாக விளக்கினார்கள். வீட்டு வேலைக்கு ஆள், ஓட்டுநர், அடிக்கடி பழுது பார்ப்பது என்று சேவைகளை நம்பி வாழ்கிறவர் வசதியான நாட்டுக்குப் போனால் அதிர்ச்சி அடைவது இதனால்தான்.

நடைமுறையில் சம்பளத்தை இரண்டாகப் பிரியுங்கள். அங்கேயே செலவாகிற பகுதிக்கு அந்த ஊர் விலை. சொந்த ஊருக்கு அனுப்புகிற, சேமித்துக்கொண்டு வரப்போகிற பகுதிக்கு வங்கி மாற்று விகிதம். ஐக்கிய நாடுகள் சபை தன் ஊழியர்களுக்குப் பணியிடப் படி கணக்கிடும்போதும், நியூயார்க்கை அடிப்படையாக வைத்து, பணியிடத்துக்குள் ஆகும் செலவையும் வெளியே ஆகும் செலவையும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறது. சம்பளத்தில் பாதியை அனுப்புகிறவருக்குச் செலவு மிகுந்த நகரம்கூட நல்ல பேரமாக அமையலாம்.

வீடு மாறும் செலவையும் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம், ஆனால் மாதக் கணக்காக்கிச் சேர்க்க வேண்டும். சாமான் ஏற்றும் செலவு, தரகு, புதிதாக வாங்க வேண்டிய பொருள்கள் எல்லாம் சேர்ந்து 60 என்று வையுங்கள். இரண்டு ஆண்டு இருந்தால் மாதம் 2.5, ஐந்து ஆண்டு இருந்தால் மாதம் 1. ஓர் ஆண்டில் திரும்பிவிடுவீர்கள் என்றால் மாதம் 5. சின்னச் சம்பள உயர்வை இதுவே விழுங்கிவிடும். முன்பணம் செலவில்லை, திரும்பி வரும். ஆனால் அந்தப் பணத்துக்கு வரும் வட்டி போகிறது, அவசரத்துக்கு எடுக்கவும் முடியாது.

இங்கே சொந்த வீடு இருக்கிறது, வாடகையே இல்லை. எப்படி ஒப்பிடுவது?

அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வரி, பழுதுச் செலவு போக எவ்வளவு நிற்குமோ அதைப் புது ஊரின் வரவில் எழுதுங்கள். அங்கே வீடு வாங்குவதாக இருந்தால், வீட்டு விலையை அதே மாதிரி வீட்டின் ஓர் ஆண்டு வாடகையால் வகுத்துப் பாருங்கள். ஒரு ஊரில் 15-உம் இன்னொரு ஊரில் 40-உம் வந்தால், இரண்டாவது ஊரில் வாடகைக்கு இருந்துவிடுவதே பெரும்பாலும் நல்லது.

விலைகளை யாரிடம் கேட்பது?

உங்களைப் போலவே வாழ்கிறவரிடம். அதே அளவு குடும்பம், ஏறக்குறைய அதே சம்பளம், அந்த ஊருக்கு வந்து ஒன்றிரண்டு ஆண்டு ஆனவர். பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவருக்கு எங்கே எது மலிவு என்பது கைப்பழக்கம். உங்களுக்கு அது வர ஓர் ஆண்டு பிடிக்கும், அதுவரை நீங்கள் கூடுதலாகத்தான் கொடுப்பீர்கள்.

"செலவு எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். போன மாத மின்கட்டணம் எவ்வளவு, கடைசியாக மருத்துவரைப் பார்த்தபோது எவ்வளவு ஆனது, பள்ளியில் சேரும்போது கட்டணம் தவிர வேறென்ன கேட்டார்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். ரசீது பார்த்துச் சொல்கிற எண் வேறு, நினைவிலிருந்து சொல்கிற எண் வேறு.

அதற்கு முன் உங்கள் சொந்தச் செலவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாது. மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து உட்காருங்கள்.

கணக்கில் நஷ்டம் வருகிறது, இருந்தாலும் போக ஆசையாக இருக்கிறது.

அதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றுமில்லை. ஓர் ஊரில் விலை அதிகமாக இருப்பதற்கு அங்கே இருக்க நிறையப் பேர் ஆசைப்படுவதே ஒரு காரணம். ஷெர்வின் ரோசன் 1979-இலும், ஜெனிஃபர் ரோபாக் 1982-இலும் இதைப் பொருளாதார வடிவில் வைத்தார்கள்: நல்ல காற்று, கடற்கரை, பாதுகாப்பு போன்றவை உள்ள ஊரில் மக்கள் அதிக வாடகைக்கும் குறைந்த சம்பளத்துக்கும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த நஷ்டம் அந்த வசதிகளுக்கு நீங்கள் கொடுக்கும் விலை. ஆகவே மாதம் எவ்வளவு நஷ்டம் என்ற எண்ணை எழுதிக்கொண்டு, அதற்கு என்ன கிடைக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். "ஐந்து ஆண்டில் வேலையில் முன்னேற்றம்" என்று எழுதினால், அந்த ஊரில் அதே வேலையில் ஐந்து ஆண்டு இருந்த இரண்டு மூன்று பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

போட்ட கணக்கை எப்போது திரும்பப் பார்ப்பது?

முதல் மாதத்தைப் பார்க்காதீர்கள். வாளி, திரைச்சீலை, மின்விளக்கு என்று எல்லாம் அந்த மாதத்தில்தான் வாங்குவீர்கள், எண் பயமுறுத்தும். மூன்றாவது, நான்காவது மாதச் செலவை எடுத்துப் பழைய தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் வாடகை ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது இன்னொரு தடவை. வீட்டுக்காரர் கேட்கும் ஏற்றத்துக்குச் சரி சொல்வதா, வேறு பகுதிக்கு மாறுவதா என்று முடிவெடுக்க அப்போதுதான் நேரம் இருக்கும்.